குற்றத்தை ஒப்புக்கொண்ட பின் தீர்ப்பை எதிர்க்க முடியுமா? கேள்வி பதில்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவர் பதிலளிக்கிறார்.

கொட்டாஞ்சேனை வாசகி: ஐயா, என் தம்பி நேற்று நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். தண்டனை அடுத்த வாரம். மாற்றிச் சொல்லலாமா?

சொல்லலாம் அம்மா, ஆனால் தண்டனை விதிக்கும் முன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, அதுவரை நீதவானின் அனுமதியோடு ஒப்புதலை மீளப்பெற இடம் தருகிறது. அனுமதி கிடைத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும். இன்றே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

மட்டக்குளி வாசகர்: பக்கத்து வீட்டுக்காரர் கத்தியோடு வந்தார், தள்ளிவிட்டேன், அவருக்குக் காயம். குற்றப்பத்திரிகையைச் சிங்களத்தில் வாசித்தார்கள். "அடித்தாயா?" என்று மட்டும் தமிழில் கேட்டார்கள். "ஓம், அவர் கத்தியோடு வந்ததால்" என்றேன். ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது.

தம்பி, உங்கள் வழக்கில் விடயம் இருக்கிறது. ஒப்புதல் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். "அவர் கத்தியோடு வந்ததால்" என்பது தற்பாதுகாப்பு, குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகாது. நீங்கள் சொன்னதை, இயன்றவரை நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். மொழி அடுத்தது: நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது.

ஆகவே முதலில் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் அப்படிப் பதில் சொன்ன தேதிக்குரிய பக்கத்தில் "குற்றவாளி" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மேல் நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். ஒப்புக்கொண்டவருக்கு வழமையான மேன்முறையீட்டு உரிமை மிகக் குறுகியது. சட்டப் பிரச்சினை இருந்தால் 14 நாட்களுக்குள் மனு கொடுக்க வேண்டும். அதைத் தாண்டியவருக்கு மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு, அதாவது நீதவானின் தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி கேட்கும் மனு, உண்டு. அங்கே விசேட சூழ்நிலையைக் காட்ட வேண்டும்.

வெள்ளவத்தை வாசகர்: தண்டப்பணம் கட்டி மூன்று வருடம். இப்போது விசாவுக்குத் தடையாக இருக்கிறது.

விசா காரணமாகாது அண்ணா. மீளாய்வில் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள்; பதிவில் கடுமையான குறை இல்லாவிட்டால் கதவு திறப்பது அரிது. வீணாகச் செலவழிக்க வேண்டாம்.

தெமட்டகொடை வாசகி: "ஒத்துக்கொள், தண்டப்பணத்தோடு விடுவார்கள்" என்று பொலிஸ் அதிகாரி சொன்னதால்தான் மகன் ஒப்புக்கொண்டான். நிரூபிக்க முடியுமா?

மகனின் சத்தியக் கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம், அவசியம் அக்கா. சொன்னவர், இடம், அருகில் நின்றவர்கள் எல்லாம் அதில் வர வேண்டும். கேட்டவர் ஒருவரும் சத்தியக் கடதாசி கொடுத்தால் கனம் கூடும். இப்படிப் பயமுறுத்தியும் ஆசை காட்டியும் ஏழைப் பிள்ளைகளிடம் ஒப்புதல் வாங்குவது எனக்குத் தாங்க முடியாத விடயம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்; வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள்.

மட்டக்குளி வாசகர்: வென்றால் விடுதலையா?

பெரும்பாலும் இல்லை, தம்பி. தீர்ப்பு நீங்கினால் வழக்கு மறுபடி நீதவானிடம் வரும், சாட்சிகளும் வருவார்கள். கத்தியோடு வந்ததைக் கண்டவர்களின் பெயர்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.