மினிஜொப் செய்யும் தாய்க்கு 67 வயதில் என்ன கிடைக்கும்?

கேள்வி: நான் ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் இருக்கிறேன். வயது 46. திருமணமாகி 2006-இல் இங்கே வந்தேன். இரண்டு பிள்ளைகள், 2007-இலும் 2011-இலும் இங்கேயே பிறந்தவர்கள். ஒன்பது வருடமாக ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை, மினிஜொப் (மாதச் சம்பளம் 556 யூரோவுக்கு மேல் போகாத சிறுவேலை). கணவருக்கு முழுநேர வேலை. அவருக்கு வரி வகுப்பு 3, எனக்கு 5. வேலைக்குச் சேரும்போது, பென்ஷனுக்குக் காசு வெட்ட வேண்டாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். கூட வேலை செய்யும் ஒருவர், "வயது போனால் உனக்குக் கையில் ஒன்றும் வராது" என்கிறார். உண்மையா? இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: ஒன்றும் வராது என்பது தவறு. இப்படியே போனால் வருவது வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது என்பது உண்மை. உங்களுக்கு இன்னும் 21 வருடம் இருக்கிறது. அதில் முதல் இரண்டு வருடத்தை வீணாக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே கணக்கோடு சொல்கிறோம்.

ஜேர்மன் ஓய்வூதியம் புள்ளிக் கணக்கில் ஓடுகிறது. நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒருவர் ஒரு வருடம் முழுக்கப் பெற்றால் அவருக்கு ஒரு புள்ளி. 2025-க்கு அந்தச் சராசரி 50,493 யூரோ. 2025 ஜூலை முதல் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. இங்கே வரும் தொகைகள் எல்லாம் 2025-ஆம் ஆண்டுக்குரியவை. வருடா வருடம் எண்கள் மாறினாலும் கணக்கின் வழி மாறாது.

இன்று உங்கள் பெயரில் என்ன இருக்கிறது? 1992-க்குப் பிறகு ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வருடம், வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி. இரண்டு பிள்ளைக்கு ஆறு புள்ளி, அதாவது மாதம் 244.74 யூரோ. ஒன்பது வருட மினிஜொப்புக்கு உங்கள் முதலாளி கட்டிய 15 சதவீதத்தால் மட்டும் கிடைப்பது மாதம் 40 யூரோ அளவு. ஒன்பது வருடம் வாளி தூக்கியதற்கு 40, பிள்ளை வளர்த்ததற்கு 245. ஆறு வருடம் என்பது 72 மாதம். வயது ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதம் வேண்டும். ஆகவே ஒரு நாள்கூட வேலைக்குப் போகாத தாய்க்கும், இங்கே இரண்டு பிள்ளை வளர்த்திருந்தால், சொந்த ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது.

ஆனால் பிள்ளை வளர்த்த காலம் தானாகக் கணக்கில் ஏறாது. முதல் வேலையாக இதை முடியுங்கள். டொய்ச்ச ரென்டன்ஃபெர்சிகருங், அதாவது அரச ஓய்வூதியக் காப்புறுதி, தரும் வி 0800 என்ற படிவம் இதற்குரியது. அதோடு வி 0100 படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் முழுக் கணக்கையும் சரிபார்த்துத் தருவார்கள். இதை அவர்கள் 'கொன்டென்கிளேருங்' என்பார்கள். கட்டணம் இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் காப்புறுதி இலக்கம், நீங்கள் ஜேர்மனியில் வாழ்ந்த காலத்துக்கான ஆதாரம் ஆகியவை வேண்டும். நம்மவர் விண்ணப்பங்களில் பெயரில்தான் கவனம் வேண்டும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோர் இடத்தில் முதற்பெயராகவும் இருந்தால் இருவர் என்று நினைத்துவிடுவார்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி, வேறுபாடு இருந்தால் ஒரு வரி விளக்கமும் வையுங்கள். சேர்ந்து எழுதிக் கொடுக்காதவரை இந்தக் காலம் தாயின் பெயருக்கே போகும். தகப்பன் பெயருக்கு மாற்றுவதென்றால் பின்னோக்கி இரண்டு மாதத்துக்கு மேல் போக முடியாது. படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் 0800 1000 4800 என்ற இலவச எண்ணுக்கு எடுத்து நேரில் சந்திக்க நாள் கேளுங்கள்.

அடுத்தது நீங்கள் வைத்த கையெழுத்து. மினிஜொப்பில் ஓய்வூதியத்துக்காக உங்களிடமிருந்து வெட்டவேண்டியது 3.6 சதவீதம். 556 யூரோ சம்பளத்துக்கு மாதம் 20 யூரோ. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அதனால் குறைந்த ஓய்வூதியத் தொகை சிறியதுதான்: கட்டியிருந்தால் ஒரு வருட வேலைக்கு மாதம் 5.39 யூரோ, கட்டாததால் 4.35. இந்த ஒரு யூரோவைப் பார்த்துவிட்டு "இதற்காகவா 20 யூரோ" என்று கேட்பவர்கள் பாதிக் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். அந்த 20 யூரோ உண்மையில் வாங்கித் தருவது மாதங்களை. கட்டினால் ஒவ்வொரு மாதமும் முழுக் காப்புறுதி மாதமாக எண்ணப்படும். இடுப்போ தோளோ போய் வேலை செய்ய முடியாமல் போனால் கிடைக்கும் இயலாமை ஓய்வூதியத்துக்குக் கடைசி ஐந்து வருடத்தில் 36 கட்டாயப் பங்களிப்பு மாதங்கள் வேண்டும். துப்புரவு வேலை செய்பவருக்கு இதைவிட அவசியமான காப்புறுதி இல்லை. இன்று உங்களிடம் அது இல்லை.

அந்தக் கையெழுத்தை அதே வேலையில் திரும்பப் பெற முடியாது என்பதே நெடுங்கால விதியாக இருந்தது. 2026 ஜூலை 1 முதல் ஒரே ஒரு முறை அதை ரத்துச் செய்யலாம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. முதலாளியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். வேறு முதலாளியிடம் போனால் பழைய விலக்கு உங்களோடு வராது. அங்கே அந்தத் தாளை மறுபடி நீட்டுவார்கள், கையெழுத்து வைக்காதீர்கள்.

இப்போது அந்த இரண்டு வருட விஷயம். 'குருண்ட்றென்ட' என்ற மேலதிகத் தொகை 2021 முதல் இருக்கிறது. நெடுங்காலம் குறைந்த சம்பளத்தில் உழைத்தவருக்கு ஓய்வூதியத்தின் மேல் சேர்த்துத் தருவது. விண்ணப்பம் வேண்டாம், அவர்களே பார்ப்பார்கள். நிபந்தனை 33 வருடம். பிள்ளை பத்து வயதை எட்டும் வரையான காலமும் இதில் சேரும். உங்களுக்கு 2007 முதல் 2021 வரை 14 வருடம் அப்படியே கிடைக்கிறது. 46 வயதிலிருந்து 67 வரை 21 வருடம் பங்களிப்போடு வேலை செய்தால் கூட்டுத்தொகை 35. தேவை 33. பங்களிப்பு விலக்கோடு செய்த ஒன்பது வருட மினிஜொப்பிலிருந்து இதற்கு ஒரு மாதமும் சேராது. (2016 முதல் 2021 வரையான வருடங்கள் பிள்ளைக் காலத்தில் தப்பியிருக்கின்றன.) இனியும் மூன்று வருடம் தள்ளிப்போட்டால் 33 கைக்கு எட்டாது.

வருடங்கள் சேர்ந்தால் மட்டும் போதாது. மேலதிகத் தொகையைக் கணக்கிடும்போது சராசரிச் சம்பளத்தின் 30 சதவீதத்துக்குக் குறையாமல் உழைத்த மாதங்களை மட்டுமே எடுப்பார்கள். 2025 கணக்கில் அது மாதம் ஏறத்தாழ 1,262 யூரோ. 1,000 யூரோ வேலையும் 1,300 யூரோ வேலையும் பார்வைக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், 67 வயதில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுவது இதனால்தான். சில நூறு யூரோ வரை வித்தியாசம் வரக்கூடும். கணவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் குறிவைக்க வேண்டியது மாதம் 1,300 யூரோ. 2025-இன் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமான மணிக்கு 12.82 யூரோவில் இது வாரம் 23, 24 மணி நேர வேலை. (2026-இல் குறைந்தபட்சச் சம்பளம் 13.90, மினிஜொப் எல்லை 603.)

இன்னொன்றும் இதோடு வரும். இரண்டாவது பிள்ளைக்கான மூன்று வருடம் முடிந்த 2014 முதல் 2017 வரை உங்கள் இரு பிள்ளைகளும் பத்து வயதுக்குக் கீழ் இருந்தார்கள். ஒரே சமயத்தில் இரு சிறுபிள்ளைகளை வளர்த்த அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு புள்ளி தருவார்கள். அதற்கு மொத்தம் 25 வருடம் கணக்கில் இருக்க வேண்டும். 14 இருக்கிறது. இன்னும் 11 வருடம் பங்களிப்போடு வேலை செய்தால் அதுவும் உங்களுடையது.

மினிஜொப் எல்லையைத் தாண்டினால் வெட்டிக்கொட்டிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 556.01 முதல் 2,000 யூரோ வரை 'மிடிஜொப்' என்ற தனி வரம்பு. அங்கே உங்களிடம் வெட்டும் பங்கு குறைவு, ஆனால் ஓய்வூதியப் புள்ளி முழுச் சம்பளத்துக்கும் ஏறும். 1,300 யூரோவுக்குக் காப்புறுதிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 215 யூரோ போகும். அதற்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதி உங்கள் சொந்தப் பெயரில் வரும், கணவரின் நிழலில் அல்ல. வேலை போனால் வேலையில்லாக் கொடுப்பனவும், ஆறு வாரத்துக்கு மேல் நோய் நீடித்தால் நோய்க்கால உதவித் தொகையும் உண்டு. மினிஜொப்பில் இவை இரண்டும் இல்லை. (சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் முதல் ஆறு வார நோய்க்காலச் சம்பளமும் மினிஜொப்பிலும் உங்கள் உரிமை. மறுத்தால் சட்டமீறல்.)

மணி நேரத்தைக் கூட்டுவது எப்படி? இப்போதைய முதலாளிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: "வேலை நேரத்தை வாரம் 24 மணியாகக் கூட்ட விரும்புகிறேன்." வாயால் கேட்டால் ஆதாரம் இராது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒரு மாதத்துக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் தர வேண்டும். அதே தகுதிக்குரிய இடம் காலியானால் ஏற்கெனவே கேட்ட பகுதிநேரப் பணியாளருக்கே முன்னுரிமை. கிடைக்காவிட்டால் வெளியே தேடுங்கள்.

வேலை நேரம் கூடும் மாதத்திலேயே வரி வகுப்பும் மாற வேண்டும். 3/5 என்றால் மாதாந்த வரிச் சலுகை பெரும்பாலும் 3-இல் இருப்பவருக்கே போகும், 4/4 என்றால் இருவருக்கும் ஒரே மாதிரி. பலர் தவறவிடுவது இங்கேதான். மினிஜொப்பில் வரி வகுப்பு 5 உங்களைத் தொடவில்லை, ஆகவே அதன் வலி தெரியவில்லை. 1,300 யூரோவுக்கு 5-ஆம் வகுப்பில் கண்கூடாக வரி பிடிப்பார்கள். 4-ஆம் வகுப்பில் அதே சம்பளத்துக்கு வருமான வரி ஏறத்தாழ இல்லை. "இவ்வளவு வேலை செய்து இவ்வளவுதானா" என்று பெண்களை மினிஜொப்புக்கே திருப்பி அனுப்புவது 5-ஆம் வகுப்புத்தான். சிறிதாகத் தெரியும் கைச்சம்பளம் வேலையில்லாக் கொடுப்பனவு, பிள்ளைபேற்றுக் காலப் பணம் எல்லாவற்றையும் கூடவே சிறிதாக்கும், ஏனெனில் அவை கைச்சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. 4/4-க்கோ, விகிதத்தோடு கூடிய 4/4-க்கோ மாறலாம். ஃபினான்ஸ்அம்ட் என்ற வரி அலுவலகத்தின் படிவத்திலோ 'எல்ஸ்டர்' இணையவழியிலோ கொடுத்தால் அடுத்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும். அந்த வருடத்துக்கான கடைசி நாள் நவம்பர் 30. 3/5-இலிருந்து 4/4-க்குத் திரும்ப ஒருவர் கேட்டாலே போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் முதலில் அவரோடு பேசுங்கள். அவர் கைச்சம்பளம் மாதாமாதம் குறையும். வருட முடிவில் வரிக் கணக்குக் கொடுக்கும்போது குடும்பத்தின் மொத்த வரி எந்த வகுப்பிலும் ஒன்றே. பணம் இழப்பில்லை, யார் பெயரில் வருகிறது என்பது மட்டும் மாறுகிறது. குழந்தை எதிர்பார்க்கும் இளம் தம்பதிகள் மகப்பேற்று விடுப்பு தொடங்கும் மாதத்துக்கு ஏழு மாதம் முன்பே மாறிவிட வேண்டும், பிந்தினால் பலனில்லை.

இந்தச் சிக்கலை நீங்கள் உண்டாக்கவில்லை. கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பாதியாக்கி வரி விதிக்கும் முறை ஜேர்மனியில் 1958 முதல் இருக்கிறது. இருவரில் ஒருவர் குறைவாகச் சம்பாதித்தால் இலாபம் என்று அது சொல்கிறது. 1977 வரை, குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. சுவீடன் 1971-இலேயே தனித்தனி வரிக்கு மாறிவிட்டது. விளைவைப் பாருங்கள்: 2023-இல் ஜேர்மனியில் 65 வயதைக் கடந்த பெண்களின் முதுமை வருமானம் ஆண்களுடையதைவிட 27.1 சதவீதம் குறைவு. கணவர் இறந்தபின் வரும் விதவை ஓய்வூதியத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 39.4 சதவீதம்.

விதவை ஓய்வூதியம் என்றதும் ஒரு எச்சரிக்கை. கோயிலில் தாலி கட்டியதற்கு மட்டும் ஜேர்மன் சட்டத்தில் பலன் இல்லை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் ஊரறியத் திருமணம் நடந்திருந்தாலும் பதிவு அலுவலகத்தில் எழுதாவிட்டால் சட்டப்படி நீங்கள் மனைவி அல்ல. இலங்கையில் முறையாகப் பதிந்திருந்தால் அது செல்லும், சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பதிந்த மனைவிக்குக் கணவரின் ஓய்வூதியத்தில் பொதுவாக 55 சதவீதம். அவருக்கு 30 புள்ளி இருந்தால் மாதம் ஏறத்தாழ 673 யூரோ. சொந்த வருமானம் 1,076.86 யூரோவைத் தாண்டினால் தாண்டியதில் 40 சதவீதம் கழிப்பார்கள். விவாகரத்தானால் இது கிடையாது. அதற்குப் பதில், திருமண காலத்தில் இருவரும் சேர்த்த புள்ளிகளைக் குடும்ப நீதிமன்றமே பாதி பாதியாகப் பிரிக்கும். திருமணம் மூன்று வருடத்துக்குள் முடிந்திருந்தால் மட்டும் கேட்டுப் பெற வேண்டும். "சமாதானமாகப் பிரிவோம்" என்று சொல்லி நோட்டரி முன் இந்தப் பங்கை விட்டுக்கொடுக்கச் சொன்னால், தனி வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

1,300 யூரோவில் 21 வருடம் உழைத்தால் உழைப்புக்கு மட்டும் 260 யூரோவுக்கு மேல். பிள்ளைப் புள்ளிகளும் பழைய 40-ஐயும் சேர்த்தால் 590-ஐ நெருங்கும், அதன்மேல் குருண்ட்றென்ட. மினிஜொப்பிலேயே விலக்கோடு இருந்தால் மொத்தம் 375. தனியாக வாழ நேர்ந்தால் 590-ம் போதாது. அப்போது இருப்பது 'குருண்ட்ஸிகருங்' என்ற முதியோர் அடிப்படை உதவி: மாதம் 563 யூரோ, அதோடு நியாயமான வாடகையும் சூடாக்கும் செலவும், இவற்றில் உங்கள் வருமானம் போக மிச்சம். 33 வருடம் நிறைந்தவருக்கு ஓய்வூதியத்தில் 100 யூரோவையும் அதற்கு மேலுள்ளதில் 30 சதவீதத்தையும், மொத்தம் 281.50 வரை, கழிக்காமல் விடுவார்கள். அந்த 33 இங்கேயும் கைகொடுக்கிறது. சேமிப்பு 10,000 யூரோ வரை வைத்திருக்கலாம். பிள்ளைகளிடம் பணம் கேட்பார்கள் என்று பயந்து நம் தாய்மார் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஒரு பிள்ளையின் ஆண்டு வருமானம் 100,000 யூரோவைத் தாண்டினால் ஒழிய அவர்களைத் தொடமாட்டார்கள். விண்ணப்பம் கொடுக்கும் இடம் நகரசபையின் சோஷியல்அம்ட், அதாவது சமூக உதவி அலுவலகம். கொடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவார்கள், அதற்கு முந்தைய மாதங்களுக்குத் தரமாட்டார்கள். ஆகவே தாள்கள் முழுவதும் சேரும்வரை காத்திராமல், மாத முடிவுக்குள் ஒரு வரிக் கடிதமாவது கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம்.