நிரல் மேசை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் ':=' என்ற குறியை எழுதலாமா, கூடாதா என்று எங்கள் அலுவலகத்தில் தினமும் வாக்குவாதம். இத்துனூண்டு குறிக்கு இவ்வளவு சண்டை தேவையா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தேவைதான். மதிப்பை ஒரு மாறியில் (மதிப்புக்கு வைக்கும் பெயரில்) போட்டு, அதே இடத்தில் பயன்படுத்தவும் விடும் குறி இது. குறி ஒன்று மொழிக்குள் வந்துவிட்டால் அதை எழுதாதவரும் படித்தாக வேண்டும். பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ராசம், இந்தக் குறியை ஏற்ற கையோடு, விவாதத்தில் சலித்துப்போய், 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பையே விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் 3.8 பதிப்பில் குறி வந்தது. வைல் லூப்பில் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) மதிப்பை வாங்கி அங்கேயே சோதிக்க வேண்டுமா, தாராளமாக எழுதுங்கள். ஒரே இஃப் (நிபந்தனை) வரிக்குள் மூன்று நான்கைச் செருகாதீர்கள். பிழை தேடுபவர் பாடு திண்டாட்டமாகிவிடும்.

கேள்வி: நிரலில் பிழை வந்தால், மதிப்புகளைத் திரையில் காட்டும் பிரிண்ட் போட்டுத்தான் பார்க்கிறேன். டீபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேடும் கருவி) பழகச் சொல்லி சீனியர்கள் கிண்டல் செய்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: பிரிண்ட் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தங்கச்சி. எப்படிப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்கு பில் போடும் நிரல் எழுதிய பையன் என்னிடம் வந்தான். முகூர்த்த நாளில் மல்லி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதனால் விலையைக் கடைக்காரரே தட்டும்படி இன்புட் வைத்திருந்தான். கிலோ 300, மூன்று கிலோ. 900 வர வேண்டிய இடத்தில் 300300300 நிற்கிறது! இரண்டையும் பிரிண்ட் போட்டால் 300, 3 என்று சரியாகவே வருகிறது. பாவம், பெருக்கும் வரியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

எஃப்-ஸ்ட்ரிங்கின் (மாறியின் மதிப்பை வாக்கியத்துக்குள் வைத்துக் காட்டும் எழுத்துமுறை) நெளிவு அடைப்புக்குள் விலை என்று எழுதி, பக்கத்தில் ஒரு சமக்குறி போடச் சொன்னேன். (பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். என்னிடம் படிப்பவர்களை அப்படித்தான் வைக்கச் சொல்கிறேன்.) திரையில் வந்தது: விலை='300'

அந்த மேற்கோள் குறிகளைப் பாருங்கள். இன்புட் எதைத் தந்தாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளாகத்தான் தரும். எடையை இன்ட் போட்டு எண்ணாக்கியவன் விலையை அப்படியே விட்டுவிட்டான். ஸ்ட்ரிங்கை மூன்றால் பெருக்கினால் பைத்தான் அதை மூன்று முறை ஒட்டித் தரும். பிழைச் செய்தியும் வராது. வெறும் பிரிண்ட் மேற்கோள் குறிகளை விழுங்கிவிடுகிறது, சமக்குறி காட்டிக்கொடுக்கிறது. இந்த வசதியும் அதே 3.8-இல் வந்ததுதான். ஆனால் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம் டீபக்கர். லூப் ஆயிரம் முறை சுற்றி, பிரிண்ட் திரையை நிரப்பும்போது அது கட்டாயம் வேண்டும். 3.7 முதல் பிரேக்பாயின்ட்() என்று ஒரு வரி எழுதினாலே நிரல் அங்கே நின்றுவிடும். 'என்' தட்டினால் அடுத்த வரி, 'எஸ்' தட்டினால் ஃபங்ஷனுக்குள், 'சி' தட்டினால் மறுபடி ஓட்டம். இந்த மூன்றை மட்டும் இந்த வாரம் பழகுங்கள். நிரலை ஓட்டும் முன் எந்த வரியில் என்ன மதிப்பு வர வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.