ஆடு திருடுபோனால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்களா?

கேள்வி: எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். அப்பா இறந்த பிறகு அம்மா ஆடு வளர்த்துத்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ராத்திரி கொட்டகைப் பூட்டை உடைத்து நான்கு வெள்ளாடுகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். ஒன்று சினை ஆடு. காவலுக்கு இருந்த நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்துவிட்டு, "ஆடுதானேம்மா, நீங்களும் தேடிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு விசாரணையும் இல்லை. மதுரை ஹைகோர்ட்டிலேயே கேஸ் போடலாம் என்கிறார் மாமா. ஊர்க்கூட்டத்தில் வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள்: இளைஞர்கள் ராத்திரி காவல் இருப்பது, எவனாவது சிக்கினால் கட்டிவைத்து அடிப்பது, கொட்டகைகளைச் சுற்றி கரண்ட் கம்பி இழுப்பது. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கும் குடும்பங்கள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். காவல் இருப்பவர்களில் என் தம்பியும் ஒருவன். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் திருட்டைவிட ஊர்க்கூட்டத்து முடிவுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அம்மாவின் ஆடுகள்.

"ஆடுதானே" என்று சொல்பவர்களுக்கு ஆட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டின் கணக்கு தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கும்போதும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் ஒரு கிடாயைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டு போவார்கள். உங்கள் அம்மாவுக்கு அதுதான் பெட்டியில் இருந்த நகை. நான்கு பவுன் நகை காணாமல் போயிருந்தால் சி.எஸ்.ஆரோடு நிறுத்தியிருப்பார்களா?

சி.எஸ்.ஆர். என்பது நீங்கள் மனு கொடுத்ததற்கான ரசீது. அவ்வளவுதான். வழக்கு எஃப்.ஐ.ஆரில்தான், அதாவது முதல் தகவல் அறிக்கையில்தான் தொடங்குகிறது. போலீஸ் தாமாகவே வழக்குப் பதியக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவும் இதைப் பற்றியதுதான். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

போலீஸ் தரப்பில் ஒரு பதில் சொல்லலாம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்று புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)-க்கு, மூன்று ஆண்டு வரை தண்டனை. அது இந்த வரம்புக்குள் வரும். அப்படியே வைத்துக்கொண்டாலும் உங்கள் விஷயத்தில் அந்த 14 நாள் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது சாதாரணத் திருட்டே இல்லை. மரத்தடியில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போவது வேறு, பூட்டிய கொட்டகையை உடைத்து உள்ளே நுழைவது வேறு. பொருளைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டுக்கு 305-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. இரவில் உடைத்து நுழைந்தது திருடுவதற்காக என்றால் 331(4)-ன்படி 14 ஆண்டு வரை போகலாம். இவற்றுக்கு அந்த முதல்கட்ட விசாரணைக்கே இடமில்லை. உங்கள் கொட்டகைக்குச் சுவர், கூரை, கதவு இருக்கிறதா? இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். நாயை விஷம் வைத்துக் கொன்றது 325-வது பிரிவில் தனிக் குற்றம். அதற்கு ஐந்து ஆண்டு வரை.

இதனால்தான் அந்த முதல் புகாரில் என்ன எழுதினீர்கள் என்று எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இப்படி என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் "எங்கள் ஆடுகளைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் இருக்கும். காணவில்லை என்றால் ஆடு மேயப் போன இடத்தில் வழிதவறியும் இருக்கலாமே! "பூட்டை உடைத்து, இரவில், திருடிச் சென்றுவிட்டார்கள்" என்று எழுத வேண்டும். விலையையும் விடக் கூடாது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவர், அதுவே முதல் குற்றமாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை என்று இப்போது சட்டம் சொல்கிறது. அந்த வகைக் குற்றத்துக்குப் போலீஸ் தாமாக வழக்குப் பதியவும் முடியாது. விலை எழுதாத புகாரை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது சுலபம். இன்றைய சந்தையில் நான்கு ஆடும் என்ன விலை போகும் என்று விசாரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குறிப்பிடுங்கள். நிறம், கொம்பு, காதில் வெட்டு, காதுவில்லை எண் இருந்தால் அது, சினை ஆடு எத்தனை மாதம் என்பது எல்லாம் வரட்டும். பழைய ஃபோட்டோ ஏதாவது ஃபோனில் இருக்கும், தேடிப் பாருங்கள். பொங்கலுக்கு எடுத்த படத்தில் பின்னால் நிற்கும் ஆடுகூடப் போதும்.

சரி, இப்போது அடுத்த படி. இந்த விவரங்களோடு அம்மா பெயரிலேயே புதிதாக ஒரு மனு எழுதி, சி.எஸ்.ஆர். நகலையும் வைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும் தபாலும் போகட்டும், ஏனென்றால் எழுத்தில் தபால் மூலம் அனுப்பச் சொல்லித்தான் 173(4)-ல் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் எஸ்.பி. அலுவலகத்திலிருந்து ஒரு ஃபோன் போனாலே எஃப்.ஐ.ஆர். எண் வந்துவிடும். வராவிட்டால் உங்கள் பகுதி நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு போடலாம். கூடவே பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) வேண்டும். போலீஸ் தரப்பு சொல்வதையும் கேட்டுவிட்டு, வழக்குப் பதிந்து விசாரிக்க 175(3)-ன் கீழ் நடுவர் உத்தரவிட முடியும்.

மாமா சொல்வதில் தப்பான எண்ணம் இல்லை, ஆனால் வழி அதுவல்ல. எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்பதற்காக உயர் நீதிமன்றத்துக்கு ஓடி வராதீர்கள், நடுவரிடம் போங்கள் என்று 2007-லேயே சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுரைக்குப் போனாலும் பெரும்பாலும் அங்கிருந்து இங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். வக்கீல் செலவும் பஸ் செலவும் மிச்சமாகட்டும்.

அம்மா பெயரில் மனு போடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அவருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

வழக்குப் பதிந்த பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆடு கிடைத்துவிட்டால் காவல் நிலையத்து வாசலிலேயே கட்டிப்போட்டு மெலிய விட வேண்டாம். நீதிமன்றத்தில் மனு போட்டு, உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு ஓட்டி வரலாம். நீங்களாகவும் தேடுங்கள். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச்சந்தை உங்கள் மாவட்டத்தில்தான் கூடுகிறது, விடிவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். உங்கள் ஆடு கண்ணில் பட்டால் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே 100-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். திருட்டு ஆடு என்று தெரிந்தே வாங்குபவரும் குற்றவாளிதான்.

இனி, தம்பி.

ராத்திரி காவல் இருப்பதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. யார் யார் எந்த நாள் என்று எழுதி, காவல் நிலையத்தில் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். கண்ணெதிரே திருடும் ஒருவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கலாம், அதற்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 40-வது பிரிவு இருக்கிறது. ஆனால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. பூட்டை உடைத்துக்கொண்டிருப்பவனைத் தடுக்கும்போது ஏற்படும் காயத்துக்குத் தற்காப்புரிமை கைகொடுக்கும். கை கட்டப்பட்டுக் கிடப்பவனிடமிருந்து என்ன தற்காப்பு? அங்கே விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். எலும்பு முறிந்தால் கொடுங்காயம், ஏழு ஆண்டு வரை. உயிர் போனால், அங்கே நின்றவன், கயிறு எடுத்துக் கொடுத்தவன், எல்லோர் பெயரும் கொலை வழக்கில் வரும். வீடியோ எடுத்தவன் ஃபோனே சாட்சி சொல்லும். ஆடு திருடியவன் சில மாதத்தில் ஜாமீனில் வந்துவிடுவான், படிக்கிற பிள்ளை உள்ளே இருப்பான்.

திருடர்களை வண்டியில் விரட்டிப் போகவும் வேண்டாம். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடர்களை ராத்திரியில் விரட்டிப் போய்க் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். சீருடையில் இருந்தவருக்கே அந்தக் கதி. வண்டி எண்ணையும் போன திசையையும் குறித்துக்கொண்டு ஃபோன் செய்தால் போதும்.

கரண்ட் கம்பி இழுக்கவே வேண்டாம், இழுத்திருந்தால் இன்றே கழற்றச் சொல்லுங்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன். திருடன் எவன், ராத்திரியில் வெளிக்குப் போகும் பாட்டி எவர், பந்து எடுக்க ஓடும் பிள்ளை எவன் என்று கம்பிக்குத் தெரியாது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சொந்த வீட்டு ஆளே விழுந்த கொடுமை நம் மாவட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. உயிர் போனால் கம்பி இழுத்தவர் மேல் மரணம் விளைவித்த வழக்கு. மின்சாரத்தைத் திருடி எடுத்திருந்தால் மின்சாரச் சட்டப்படி அது இன்னொரு வழக்கு.

கடைசியாக, அந்தக் கூடாரத்துக் குடும்பங்கள். அவர்கள் மேல் சந்தேகப்பட உங்களிடம் என்ன இருக்கிறது? யாராவது பார்த்தார்களா, காலடி அந்தப் பக்கம் போயிற்றா, கயிறு ஏதும் கிடந்ததா? கடிதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைத் திருடர்கள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்தான். அந்தச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. உங்கள் ஊரிலிருந்து அது ஒன்றும் அதிக தூரமில்லை. சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஒரு பொருள் காணாமல் போனதும் நம் கை இன்னமும் கூடாரத்துப் பக்கம்தான் நீளுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஊரே அடித்துக் கொன்றது. வழியில் பார்த்த குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததுதான் நடந்தது. புகாரில் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்றே எழுதுங்கள். பொய் என்று தெரிந்தே ஒருவர் பெயரைக் கொடுப்பதும் குற்றம். அந்தக் குடும்பங்கள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால், அவர்கள் மேல் கை வைக்கும் பிற சாதியினர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். அதில் முன்ஜாமீனும் கிடையாது.

அடுத்த ஊர்க்கூட்டத்துக்குத் தம்பியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் அம்மாவும் போய் உட்காருங்கள். ஆட்டைப் பறிகொடுத்தவர் அம்மாதான். "என் ஆட்டுக்காக யாரையும் அடிக்க வேண்டாம்" என்று அவர் எழுந்து சொன்னால், அதற்குமேல் பேச அங்கே யாருக்கும் வாய் வராது. எஸ்.பி.க்கு எழுதும் மனுவில் கைநாட்டோ கையெழுத்தோ, அம்மாவையே போடச் சொல்லுங்கள். தபாலில் சேர்க்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.