'ஈவன்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியில் 'ஈவன்' என்றாலும் 'கூட', 'ஆல்ஸோ' என்றாலும் 'கூட' என்று இருக்கிறதே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. குழப்பம் நம்முடைய 'கூட'வில்தான் இருக்கிறது.

"முரளிகூட வந்தான்" என்றால், மற்றவர்களைப் போல முரளியும் வந்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். வரவே மாட்டான் என்று நினைத்த முரளியே வந்துவிட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் நம் குரல் அதைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ஆல்ஸோ', பின்னதற்கு 'ஈவன்'.

இந்தப் பிரிவு நம் இலக்கணத்துக்குப் புதிதில்லை. 'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் எச்சம், சிறப்பு என்ற இரண்டு மட்டும் இங்கே போதும். "முரளியும் வந்தான்" என்று இன்னொருவரோடு சேர்த்துச் சொல்வது எச்சவும்மை. "குறவரும் மருளும் குன்று" என்பது சிறப்பும்மை. மலையிலேயே வாழ்கிற குறவர்கூட வழி தெரியாமல் திகைக்கிற மலை என்று பொருள். இந்த 'உம்'தான் 'ஈவன்'. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

இது புரிந்தால் நம்மில் பலர் சொல்லும் "ஈவன் ஐ லைக் இட்" ஏன் உறுத்துகிறது என்பதும் புரியும். "எனக்கும் பிடிக்கும்" என்று சொல்ல நினைக்கிறோம். கேட்பவர் காதில் "என்னைப் போன்ற ஆளுக்கே பிடித்துவிட்டது" என்று விழுகிறது. அங்கே "ஐ லைக் இட் டூ" போதும்.

அப்புறம், இடம். தமிழில் 'கூட' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ஈவன்' பெரும்பாலும் முன்னால் நிற்கும். "ஈவன் முரளி லாஃப்டு" என்றால் முரளிகூடச் சிரித்தான். வியப்பு முரளியின் மேல். "முரளி ஈவன் லாஃப்டு" என்றால் சிரிக்கக்கூடச் செய்தான். வியப்பு சிரிப்பின் மேல்.

'ஈவன் பெட்டர்' என்பது இன்னும் நல்லது. ஏற்கெனவே இருப்பதும் நல்லதுதான் என்ற குறிப்பு அதில் உண்டு. இரட்டைப்படை எண்ணுக்கும் மேடுபள்ளம் இல்லாத தரைக்கும் இதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் மட்டம், சமம் என்பதே.

கடைசியாக, இரண்டு வாக்கியங்களை இணைக்க 'ஈவன்' மட்டும் போதாது. "ஈவன் ஐ வாஸ் டயர்டு, ஐ வென்ட்" என்பது தவறு. களைப்பு உண்மையிலேயே இருந்தது, அப்படியிருந்தும் போனேன் என்றால் 'ஈவன் தோ'. களைப்பாக இருப்பேனா என்று இன்னும் தெரியாது, இருந்தாலும் போவேன் என்றால் 'ஈவன் இஃப்'. "மழை பெய்தும் போனேன்", "மழை பெய்தாலும் போவேன்" என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எது வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.