குட்டையில் சினை இருக்கிறது, குஞ்சு இல்லையே?

கேள்வி: 15 சென்ட் மண் குட்டையில் 2 வருடமாகக் கட்லா, ரோகு, கொஞ்சம் சாதாக் கெண்டை வளர்க்கிறேன். வயிறு உப்பிச் சினையோடு திரிகின்றன; ஆனால் ஒரு குஞ்சைக்கூடக் காணோம். கல்லும் பனையோலையும் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு என்ன போடலாம்?
– ஒரு விவசாயி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கட்லா, ரோகுவுக்காக இனி ஒன்றும் போட வேண்டாம். அவை ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் புதுவெள்ளம் ஓடினால்தான் முட்டையிடும். தேங்கிய நீரில் சினை வயிற்றுக்குள்ளேயே கரைந்துவிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சவுத்ரி குழுவினர், மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இவ்வகை மீன்களை முட்டையிட வைத்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் குஞ்சுகளும் ஊசி வழியில் வந்தவைதான்.

சாதாக் கெண்டை அப்படியல்ல. நிற்கும் நீரிலேயே முட்டையிடும். ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை, ஆகஸ்டிலும் அதிகம். உங்கள் குட்டையிலும் இட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். இட்டதும் தின்றுவிட்டிருக்கும். பெற்ற மீனுக்கே அந்தப் பழக்கம் உண்டு!

அதன் முட்டை ஒட்டும் தன்மையுள்ளது. மெல்லிய இலை, நார் எதிலாவது ஒட்டினால்தான் பிழைக்கும். சேற்றில் விழுந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். கல்லும் அகன்ற ஓலையும் பயன்படாததற்கு இதுதான் காரணம். வேலம்பாசி மிக நல்லது. பெண் மீனின் எடையைப்போல் இரு மடங்கு பாசியை அலசி, கரையோரம் ஒன்றரை அடி ஆழத்தில் மூங்கில் சட்டத்துக்குள் மிதக்க விடுங்கள். பாசி கிடைக்காவிட்டால் பிரித்த தென்னை நாரைச் சில நாள் ஊறவைத்து, சாயநீரைக் கொட்டிவிட்டுக் கட்டுங்கள். ஆகாயத்தாமரை வேரிலும் முட்டை ஒட்டும்தான், ஆனால் அதைக் குட்டைக்குள் விட்டவர் பிறகு வெளியேற்றப் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். காலையில் பாசியைத் தூக்கிப் பாருங்கள். ஜவ்வரிசிக் குருணைபோல் ஒட்டியிருந்தால், அன்றே பாசியோடு கொசுவலைத் துணியில் தைத்த ஹாப்பாவுக்கு (நீருக்குள் கட்டும் பெட்டி போன்ற வலைக்கு) மாற்றிவிடுங்கள். இதுதான் முக்கியம். இதைச் செய்யாவிட்டால் பாசி கட்டியது மீன்களுக்கு விருந்து வைத்ததாகவே முடியும். 2, 3 நாளில் பொரிந்துவிடும். அடுத்த 2, 3 நாளுக்கு வயிற்றில் உள்ள கருவுணவே போதும், தீவனம் போடாதீர்கள். பாசியை மெல்ல உதறி எடுத்துவிட்டு, சலித்த தவிடும் கடலைப் பிண்ணாக்குத் தூளும் சம அளவில் கலந்து தூவலாம். தவளையும் தண்ணீர்ப் பூச்சியும் உள்ளே வராமல் ஹாப்பாவின் மேல்பக்கத்தையும் மூடுங்கள்.

குட்டையில் தப்பித் தவறி விரால் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஹாப்பாவிலிருந்து விடும் குஞ்சுகள் அதற்குத்தான்.

ஒரு கிலோ பெண் கெண்டை ஒரு லட்சம் முட்டை வரை இடும். ஹெக்டேருக்கு 10,000 என்ற கணக்கில் உங்கள் குட்டைக்கு எல்லா இனமும் சேர்த்தே 600 குஞ்சுகள்தான் தாங்கும். ஒரு பெண், இரண்டு ஆண், ஒரே முறை போதும். விரல் நீளம் வளர்ந்ததும் தேவையானதை மட்டும் விட்டுவிட்டு, மீதியைப் பக்கத்துக் குட்டைக்காரர்களுக்கு விற்றுவிடுங்கள்.