பழைய வெள்ளி ரூபாயில் பணம் போடலாமா? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் பழைய நாணயம் வாங்கி விற்பவன் நான். சேமிப்பாக வெள்ளிக் காசு வாங்குவதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நாளைக்கு வெள்ளி ஏறுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மன்னார்குடி வாசகர்: சம்பா நெல் விற்ற பணத்தில் கொஞ்சத்தை வெள்ளி ரூபாயாக வாங்கி வைக்க நினைக்கிறேன் ஐயா. எதை வாங்குவது?

வாங்கலாம், ஆனால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய்க் காசு ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.67 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம் வரும். அன்றைய கிராம் விலையை 10.69ஆல் பெருக்கினால் காசின் உள்விலை கிடைத்துவிடும். 1940 முதல் 1945 வரை போர்க்காலக் காசு. எடை அதேதான், வெள்ளியோ சரிபாதி, 5.83 கிராம். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

இந்த மூன்று வகையிலும் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காசுகள் உண்டு. ‘ஜார்ஜ் காசு’ என்று பொதுவாகச் சொல்லி 1944ஐ 1919 விலைக்குத் தள்ளிவிடுவது கடைவீதியின் பழைய வித்தை. உங்களுக்கு ஏற்றவை 1912 முதல் 1920 வரையிலான சாதாரண ரூபாய்கள். ஏராளமாக அடிக்கப்பட்டவை, வெள்ளி விலையை ஒட்டியே கிடைக்கும். அதற்கு மேல் யாராவது கதை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையோடு தராசு கொண்டு போங்கள். தேய்ந்த காசு 11.3 கிராம்தான் நிற்கும், 11.66க்குக் கணக்குப் போடுவார்கள்.

பாபநாசம்: 1862 விக்டோரியா ரூபாய் இருக்கிறது. 160 ஆண்டுப் பழசு, லட்சம் போகுமா?

போகாது. 1862 என்ற ஆண்டையே 1874 வரை மாற்றாமல் அடித்தார்கள். பழசு வேறு, அரிது வேறு.

திருவாரூர்: லட்சுமி படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி காசு, 1818 என்று இருக்கிறது. அரிசியை இழுக்கும் என்கிறார்கள்.

1818 என்று ஆண்டு போட்டு லட்சுமி, அனுமன் படத்தோடு கம்பெனி காசு அடிக்கவில்லை. அது கோயில் வாசலில் விற்கும் வில்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று வருபவன் இழுப்பது உங்கள் பணத்தை. காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை, நகைப் பட்டறைக்காரர்: ஐயா 91 டச், அதாவது நூற்றுக்கு 91 பங்கு வெள்ளி என்கிறார். நான் நாற்பது ஆண்டாக உருக்குகிறேன். பழைய ரூபாய் 91 வந்ததே இல்லை, 86, 87தான். மக்களுக்குத் தவறான கணக்குக் கொடுக்காதீர்கள்.

பத்தரே, நீங்கள் உருக்கியவை எங்கிருந்து வந்தவை? காசுமாலையிலிருந்து வந்த ரூபாய்களாக இருக்கும். வளையம் வைத்துப் பற்ற வைத்தவை. பற்றுப்பொடியில் செம்பும் துத்தநாகமும் உண்டு, அவை சேர்ந்து உருகினால் டச் இறங்கத்தான் செய்யும். தேய்மானம் எடையைத்தான் குறைக்கும், தரத்தைக் குறைக்காது.

மயிலாடுதுறை, மீண்டும்: வளையம் இல்லாததும் குறைந்திருக்கிறது.

அப்படியானால் நடுவில் ஒரு 1942 கலந்திருக்கும். பத்து காசில் ஒன்று பாதி வெள்ளி என்றாலே மொத்த டச் நான்கு புள்ளி இறங்கும், 87 அங்கேயே வந்துவிட்டது. உருக்கும் முன் ஆண்டு வாரியாகப் பிரித்தீர்களா?

மயிலாடுதுறை: எடை போட்டு வாங்குபவன் ஆண்டு பார்ப்பானா?

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஒரத்தநாடு: பத்தர் சொல்வதுதான் சரி. எங்கள் கடையிலும் 85க்குத்தான் எடுத்தார்கள்.

கடை எடுக்கும் விலையும் காசின் தரமும் ஒன்றல்ல. விற்கும்போது கழிவு பிடிப்பார்கள், அதனால்தான் உருக்கும் கடைக்குப் போகாமல் நாணயம் வாங்குபவரிடம் போங்கள் என்கிறேன். பத்தரே, இத்தோடு விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வலங்கைமான்: அம்மா பூஜைக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்.

பூஜைக்கு என்றால் தேயுங்கள். விற்பதற்கு என்றால் தொடாதீர்கள். கறுத்த படலம்தான் சேகரிப்பவருக்கு நம்பிக்கை, தேய்த்த காசை வெள்ளி விலைக்கே கேட்பார். ரப்பர் பேண்ட் போட்டும் கட்டி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் தொட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

தஞ்சாவூர்: 1939 ரூபாய் ஒன்று வந்திருக்கிறது. வாங்கலாமா?

1939 அரிது என்பதால் 1938இன் எட்டை ஒன்பதாகச் செதுக்குவது பரவலான வேலை. லென்ஸ் வைத்து அந்தக் கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்கள். சுரண்டிய தடம் இருந்தால் விடுங்கள். தடம் இல்லாவிட்டாலும், சேமிப்புக்காக வாங்குபவருக்கு அது வேண்டாத வேலை.

நீடாமங்கலம்: கிணறு வெட்டும்போது பானையில் காசுகள் கிடைத்தன. விலை சொல்ல முடியுமா?

விலை பேசாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போய்விடும், சிறையும் உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்றே தாசில்தாரைப் பாருங்கள்.

கும்பகோணம்: தங்கத்தைவிட வெள்ளிதான் பாதுகாப்பு, இறங்கவே இறங்காது என்கிறார்களே?

1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது, மார்ச் கடைசியில் 11 டாலருக்கும் கீழே. அடுத்து 50ஐ நெருங்கியது 2011இல். இடையில் 31 ஆண்டு. இந்தச் சேமிப்பில் பிள்ளை கல்யாணத் தேதியைக் கட்டிவைக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: என்னிடமும் ஒரு லட்சுமி காசு...

திருவாரூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.