சீமை அகத்தி விதை முளைக்கவில்லை, இருக்கிற செடியிலும் புழு

கேள்வி: வாய்க்கால் ஓரம் சீமை அகத்தி விதை போட்டு ஒரு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. நண்பர் கொடுத்த கன்று ஒன்று இடுப்பளவு வந்திருக்கிறது, அதன் இலையைப் பச்சைப் புழு தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? படர்தாமரைக்கு இலையை எப்படிப் பூசுவது?

பதில்: வணக்கம் அண்ணே. மருந்தே வேண்டாம், தோலில் அரைத்துப் பூசப் போகிற இலை அது. அந்தப் புழு வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியுடையது, கொன்றை இலையையும் விடாது. காலையில் கையால் பொறுக்கிப் போடுங்கள், செடி மறுபடி துளிர்த்துவிடும்.

விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், காலையில் உப்பியதை மட்டும் பையில் ஊன்றுங்கள், உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊற வையுங்கள். நல்ல வெயில் வேண்டும், செடிக்குச் செடி ஆறேழு அடி விடுங்கள். மெழுகுவத்தி மாதிரி நிற்கும் மஞ்சள் பூக்கொத்து முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை அடர்ந்து வரும்.

ஆனால் வாய்க்கால் ஓரம் மட்டும் வேண்டாம். நான்கு பக்கமும் இறக்கை வைத்த காய் ஒவ்வொன்றிலும் ஐம்பது விதைக்குக் குறையாமல் இருக்கும், தண்ணீரில் போய் கீழ்மடைக்காரர் வயலெல்லாம் முளைக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி வட ஆஸ்திரேலியாவில் இப்போது களை. எங்கே வைத்தாலும் காயைப் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.

படர்தாமரைக்கு இளம் இலையைக் கழுவி தேங்காய் எண்ணெய் விட்டு அரைத்துப் பூசுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டு அரைப்பதும் பழக்கம்தான், சொறிந்து புண்ணான இடத்தில் அது எரிச்சலைத் தரும். முதல்நாள் முன்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். இதிலுள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்கும், பிலிப்பைன்சில் அகபுல்கோ என்ற பெயரில் இதையே லோஷனாகப் போடுகிறார்கள். அரிப்பு நின்ற அன்றைக்கே விட்டுவிடாதீர்கள், துணியைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அடக்கிவிட்டு அப்புறம் பரப்பிவிடும், தயவுசெய்து தொடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, தொடை இடுக்கில் அகலமாகப் பரவியிருந்தாலோ தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அகத்தி என்று நினைத்து யாரும் கீரையாகச் சமைத்துவிடாதபடி வீட்டில் சொல்லி வையுங்கள், கடுமையாக வயிற்றுப்போக்கு ஆகும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.